தடிமன் காலமும் வெள்ளைக் குளிகைகளும்

ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாவை உலர்த்திச் செல்லும் கச்சான் காற்றுத்தான் எமது தேயிலைக்கு உலகறிந்த தனிமணத்தைக் கொடுக்கிறது. அக்காற்று ஓய்ந்து ஐப்பசி மழை தொடங்கியதும் நமுனுகுல மலையின் சிகரங்கள் முகிலுக்குள் மறைந்து விடுகின்றன. இரண்டாயிரம் மீற்றருக்கு மேல் உயர்ந்து நிற்கும் அம்மலையின் சரிவுகளிலும், பசறை, கனவரல்லை, ஸ்பிரிங்வெளி, தெமோதரை என அதனைச் சூழ்ந்துள்ள தோட்டங்களிலும் தை பிறக்கும் வரை வெயில் ஒரு விருந்தாளியே. நனைந்த படங்கைக் கட்டிக்கொண்டு கொழுந்து பறித்துத் திரும்பும் தாய்மாரும், பிள்ளை மடுவத்தில் ஒரே பாயில் உறங்கும் குழந்தைகளும், பதுளை பஸ்ஸில் நெருக்கியடித்து நின்று பாடசாலைக்குச் செல்லும் மாணவர்களும் ஒருவர் பின் ஒருவராக மூக்கைச் சிந்தத் தொடங்குவது இக்காலத்தில்தான்.

இலங்கையில் இன்புளுவன்சா எனப்படும் சளிக்காய்ச்சல் ஆண்டில் இரண்டு தடவை தலைதூக்குகிறது. ஏப்ரலுக்குப் பின் ஜூலை வரையிலான மாதங்களில் ஒன்று. நவம்பர் முதல் ஜனவரி வரை மற்றொன்று. மலைநாட்டு மக்கள் இவ்விரண்டாவது பருவத்தைக் குளிரோடு சேர்த்தே அனுபவிக்கின்றனர். கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்த குடிநீர், வெனிவெல்கெட்ட, கற்பூரவள்ளி இலைச்சாறு, யூக்கலிப்டஸ் இலை போட்ட ஆவி என வீட்டுக்கு வீடு கைமருந்துகள் உண்டு. பதுளை, வெலிமடை, பண்டாரவளைப் பகுதிகளிலுள்ள முஸ்லிம் இல்லங்களில் கருஞ்சீரகமும் தேனும் முதலிடம் பெறும். இவற்றோடு பல வீடுகளின் அலுமாரியில் இன்னொரு பொருளையும் காணலாம். கடுகிலும் சற்றுப் பெரிதான, இனிப்பான வெள்ளைக் குளிகைகள் நிரம்பிய சின்னஞ்சிறு போத்தல். அதுதான் ஹோமியோபதி மருந்து.

“பக்கவிளைவு இல்லாதது”, “மலிவானது”, “பிள்ளைகள் அழாமல் உண்பது” என்ற மூன்று நற்சான்றுகளும் இம்மருந்துக்கு உண்டு. கடைசி இரண்டையும் எவரும் மறுக்கமாட்டார்கள். ஆனால் தடிமனையும் சளிக்காய்ச்சலையும் இது உண்மையில் குணப்படுத்துகிறதா என்ற வினாவைத் தயக்கமின்றிக் கேட்டாக வேண்டும். மருந்துக்கடை எட்டாத் தூரத்தில் வாழ்கின்ற ஒரு சமூகத்துக்கு இது பொழுதுபோக்கு வினா அன்று.

ஹோமியோபதியின் தோற்றத்துக்கும் எமது மலைநாட்டுக்கும் எதிர்பாராத ஓர் உறவு உண்டு. ஜேர்மனியின் மைசன் நகரில் 1755இல் பிறந்த சாமுவேல் ஹானிமன் முறையாகப் பயின்ற வைத்தியர். அக்கால வைத்தியம் நோயாளியின் நரம்பை வெட்டி இரத்தம் வடிப்பதையும், கடும் பேதி கொடுப்பதையும், பாதரசம் ஊட்டுவதையுமே பெரிதும் நம்பியிருந்தது. அதில் மனம் வெறுத்த ஹானிமன் மொழிபெயர்ப்பினால் வயிறு வளர்த்தார். 1790இல் வில்லியம் கல்லன் என்ற ஸ்கொட்லாந்து வைத்தியரின் நூலை மொழிபெயர்க்கையில், மலேரியாவைத் தீர்க்கும் சிங்கோனா மரப்பட்டை பற்றிய விளக்கம் அவருக்குத் திருப்தியளிக்கவில்லை. ஆரோக்கியமாக இருந்த தாமே அப்பட்டையை உட்கொண்டு பார்த்தார். குளிரும் படபடப்புமாக மலேரியாவை ஒத்த குறிகள் தம்மிடம் தோன்றியதாகக் குறித்து வைத்தார். ஆரோக்கியமானவனிடம் ஒரு நோயின் குறிகளை உண்டாக்கும் பொருளே அந்நோயைத் தீர்க்கும் என்ற முடிவுக்கு வந்தார். முள்ளை முள்ளால் எடுப்பது என்று நாம் சொல்வதைத்தான் அவர் ஒரு மருத்துவ விதியாக்கினார். 1796இல் அதனைக் கட்டுரையாகவும், 1810இல் முழுநூலாகவும் வெளியிட்டார்.

அந்தச் சிங்கோனா மரத்துக்காகவே 1861இல் நுவரெலியாவுக்கும் வெலிமடைக்கும் இடையே ஹக்கலையில் தாவரவியல் பூங்கா அமைக்கப்பட்டது. கோப்பிப் பயிரை இலைநோய் அழித்தபோது, தேயிலை வேரூன்றும் வரை தோட்டத்துரைமார் பலருக்குக் கைகொடுத்ததும் இதே மரந்தான். 1880களின் நடுப்பகுதியில் இலங்கையிலிருந்து சிங்கோனாப் பட்டை பெருந்தொகையாக ஏற்றுமதியாகிற்று. பின்னர் விலை வீழ்ந்ததும் மரங்கள் தறிக்கப்பட்டன. அப்பட்டையிலிருந்து எடுக்கப்படும் குயினைனை உலகெங்கும் கோடிக்கணக்கானோர் உட்கொண்டுள்ளனர். ஹானிமன் விவரித்தது போன்ற காய்ச்சல் ஆரோக்கியமானவர்களிடம் பொதுவாகத் தோன்றவில்லை. குயினைன் மலேரியாவைத் தீர்ப்பது அது காய்ச்சலைப் போல நடிப்பதனால் அன்று. இரத்தத்திலுள்ள மலேரியாக் கிருமியைக் கொல்வதனாலேயாகும். ஆக, முழு மாளிகைக்கும் அடிக்கல்லாக வைக்கப்பட்ட அனுபவம் ஒரு தனிமனிதரின் உடல் காட்டிய விசித்திரமாகவே இருந்திருக்க வேண்டும்.

தடிமனுக்கு ஹோமியோபதியர் கொடுக்கும் மருந்துகளைப் பார்த்தால் அவர்களது தர்க்கம் எளிதில் விளங்கும். வெங்காயம் உரிக்கும்போது கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிகிறது. எனவே நீராக வழியும் தடிமனுக்கு வெங்காயத்திலிருந்து எடுத்த அல்லியம் சீபா. குளிர்காற்றில் அடிபட்டுத் திடீரெனக் காய்ந்தால், நாவி இனத்தைச் சேர்ந்த அக்கோனைட். முகம் சிவந்து அனல் பறந்தால் பெலடோனா. உடல் துவண்டு கண் இமை கனத்தால் ஜெல்சீமியம். எலும்பை முறிப்பது போன்ற வலிக்கு யூப்பட்டோரியம். அசைந்தாலே வலிக்கும் வரட்டு இருமலுக்குப் பிரையோனியா. மூக்கடைப்புக்கு எட்டிக் கொட்டையிலிருந்து நக்ஸ் வொமிக்கா; எரிச்சலோடு ஒழுகும் மூக்குக்கு வெள்ளைப் பாஷாணத்திலிருந்து ஆர்செனிக்கம் அல்பம். நாவி, எட்டி, பாஷாணம் என்று கேட்டதும் சித்த வைத்தியம் அறிந்த வாசகர் திடுக்கிடக்கூடும். சித்தரும் யூனானி ஹக்கீம்களும் இத்தகைய நஞ்சுகளைச் சுத்தி செய்த பின்னரே கையாண்டனர். ஹோமியோபதியின் வழி வேறு. அது நஞ்சை நீக்குவதில்லை. ஏறக்குறைய மருந்தையே நீக்கி விடுகிறது.

அது எவ்வாறெனில், மூலச்சாற்றில் ஒரு பங்கை 99 பங்கு நீர் அல்லது மதுசாரத்துடன் சேர்த்துக் குலுக்குவர். அதிலிருந்து ஒரு பங்கை எடுத்து மீண்டும் 99 பங்குடன் சேர்ப்பர். ஒவ்வொரு தடவையும் மருந்து நூறில் ஒன்றாகக் குறைகிறது. போத்தலில் 30 என்ற எண் காணப்படுமாயின் இச்செயல் முப்பது தடவை நடந்திருக்கிறது என்பது பொருள். பன்னிரண்டாம் தடவையிலேயே நிலைமை என்ன? ஒரு மில்லிலீற்றர் வெங்காயச் சாற்றை உலகின் எல்லாச் சமுத்திரங்களிலும் கலந்து, அதில் ஒரு கரண்டி அள்ளியதற்கு அது ஏறக்குறைய ஒப்பானது. அதற்கப்பால் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறாவது எஞ்சியிருக்குமா என்பதே ஐயம். முப்பதாம் தடவையிலோ, ஒரேயொரு மூலக்கூறையாவது விழுங்க வேண்டுமானால் பூமியைப் போன்ற பல கோடி உருண்டைகளின் எடைக்கு நீர் அருந்த வேண்டும். குலுக்கலின் போது மருந்தின் ‘ஆற்றல்’ நீரில் பதிந்து விடுகிறது என்பது ஹோமியோபதியரின் பதில். அத்தகைய பதிவை நீரில் கண்டறிந்து, பிறரும் மீண்டும் செய்து காட்டக்கூடிய பரிசோதனை எதுவும் இதுவரை நிலைபெறவில்லை.

சளிக்காய்ச்சலுக்கென்றே பிரான்சில் தயாரிக்கப்பட்டு உலகெங்கும் விற்கப்படும் ஒரு ஹோமியோபதி மருந்தின் கதை சுவையானது. அதன் பெயர் ஒசிலோகொக்சினம். முதலாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில் பெரும் இன்புளுவன்சா பரவியபோது ஜோசப் ரோய் என்ற பிரெஞ்சு வைத்தியர், நோயாளரின் இரத்தத்தில் ஆடி அசையும் ஒரு கிருமியை உருப்பெருக்கியில் கண்டதாகக் கூறினார். அக்கிருமியை வேறெவரும் காணவில்லை. இன்புளுவன்சாவை உண்டாக்குவது சாதாரண உருப்பெருக்கிக்குப் புலப்படாத வைரசு என்பது 1933இல் மனிதரிடமிருந்து அது பிரித்தெடுக்கப்பட்டபோது தெளிவாயிற்று. ஆயினும் ரோயின் கிருமி உறைவதாகக் கருதப்பட்ட வாத்தின் ஈரலையும் இருதயத்தையும் இருநூறு தடவை நூறில் ஒன்றாகக் கரைத்துச் செய்யும் மருந்து இன்றும் விற்பனையாகிறது. இல்லாத கிருமிக்கு, இல்லாத அளவு மருந்து!

கேலி செய்வதோடு நின்றுவிடுவது நியாயமாகாது. தர்க்கம் எப்படியிருந்தாலும் பலன் கிடைத்தால் போதாதா என்று நோயாளி கேட்கலாம். கேள்வி சரியானதே. அதனால்தான் ஆய்வாளர்கள் நோயாளர்களை இரு கூறாகப் பிரித்து, ஒரு கூறுக்கு ஹோமியோபதிக் குளிகையையும் மறு கூறுக்கு அதே தோற்றமுள்ள வெறும் சீனிக் குளிகையையும் கொடுத்துப் பார்த்துள்ளனர். எவருக்கு எது என்பது கொடுப்பவருக்கும் தெரியாது, பெறுபவருக்கும் தெரியாது. ஒசிலோகொக்சினம் குறித்த சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த கொக்ரேன் அமைப்பின் முந்திய அறிக்கையொன்று நோய்க்காலம் கால் நாளளவு குறைந்ததாகக் கூறியது. 2015இல் வெளியான திருத்திய அறிக்கையோ, திடமான முடிவுக்கு வரத்தக்க தரமான சான்று போதாது என்று கூறிவிட்டது. பிள்ளைகளின் சுவாசத் தொற்றுகளுக்கு ஹோமியோபதி பற்றி 2018இல் அதே அமைப்பு வெளியிட்ட ஆய்வும், சீனிக் குளிகையை விஞ்சிய பயன் இருப்பதாகக் கண்டறியவில்லை. அவுஸ்திரேலியாவின் தேசிய சுகாதார மருத்துவ ஆராய்ச்சிச் சபை 2015இல் ஒருபடி மேலே சென்று, ஹோமியோபதி பயனளிக்கும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்றுள்ள நோய் எதுவுமே இல்லை என அறிவித்தது. ஹோமியோபதியின் தாயகங்களுள் ஒன்றாகிய பிரான்சில், 2021 ஜனவரி முதல் இம்மருந்துகளுக்கு அரச காப்புறுதிப் பணம் வழங்கப்படுவதில்லை.

அப்படியாயின், “எனக்குச் சுகமாயிற்றே” என்று கூறும் ஆயிரமாயிரம் மக்கள் பொய்யரா? நிச்சயமாக இல்லை. அவர்களுக்குச் சுகமானது உண்மை. தடிமனை உண்டாக்கும் வைரசுகள் இருநூறுக்கும் மேற்பட்டவை. அவற்றுட் பெரும்பாலானவை மூன்றாம் நாளளவில் உச்சத்தை எட்டி, ஒரு வாரம் பத்து நாளில் தாமே விலகி விடும். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று எமது முன்னோர் சொன்னது தடிமனை மனத்தில் வைத்துத்தானோ என்று எண்ணத் தோன்றுகிறது. தொல்லை உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் மருந்தைத் தேடுகிறோம். உச்சத்துக்குப் பின் இறக்கமே. அப்போது எதை உண்டிருந்தாலும் அதற்கே புகழ் சேரும். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தது போல. இன்னொன்றும் உண்டு. ஹோமியோபதி வைத்தியர் நோயாளியை அமர வைத்து, எந்தப் பக்கம் படுத்தால் இருமல் கூடும், தாகம் எப்படி, கனவு எப்படி என்றெல்லாம் பொறுமையாக விசாரிப்பார். வெளிநோயாளர் பிரிவில் விடியற்காலை முதல் வரிசையில் நின்று, இரண்டு நிமிடத்தில் துண்டோடு வெளியே வருபவருக்கு அந்த அரைமணி நேர விசாரிப்பே பாதி மருந்து. இதில் எமது பொது வைத்தியத்துறை கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

வரலாற்றிலும் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. 1854இல் லண்டனில் வாந்திபேதி பரவியபோது அங்கிருந்த ஹோமியோபதி வைத்தியசாலையில் இறந்தோரின் விகிதம் ஏனைய வைத்தியசாலைகளைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. ஏனைய இடங்களில் நோயாளியைப் பேதிக்கு உள்ளாக்கினர். ஹோமியோபதியரோ அவனை வதைக்காமல் விட்டனர். ஒன்றும் செய்யாமையே பெரிய உபகாரமாக இருந்த காலம் அது. இந்தியாவில் அம்மருத்துவம் வேரூன்றியதற்கும் இதுவே ஒரு காரணமாகலாம். எமது மூதாதையர் பலரின் பூர்வீகமான தஞ்சாவூரில் 1840களின் பிற்பகுதியிலேயே ஆங்கிலேய வைத்தியர் ஒருவர் ஹோமியோபதி வைத்தியசாலை நடத்தினார். கல்கத்தாவின் புகழ்பெற்ற அலோபதி வைத்தியரான மகேந்திரலால் சர்க்கார் 1867இல் ஹோமியோபதியைத் தழுவினார். அவர் 1876இல் நிறுவிய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுகூடத்தில்தான் சேர். சி. வி. இராமன் 1928இல் தமது நோபல் பரிசுக்குரிய கண்டுபிடிப்பை நிகழ்த்தினார். ஹோமியோபதியர் யாவரும் விஞ்ஞானத்தின் பகைவர் என்று எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்ளட்டும்.

எமது நாட்டிலும் இது சட்டத்துக்குப் புறம்பான முறையன்று. 1970ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தினால் அங்கீகரிக்கப்பட்டு, பின்னர் 2016ஆம் ஆண்டின் சட்டத்தினால் புதுப்பிக்கப்பட்டது. வெலிசறையில் அரச ஹோமியோபதி வைத்தியசாலை இயங்குகிறது. எனவே பதிவு பெற்ற ஹோமியோபதி வைத்தியரை நாடுவது ஒருவரின் உரிமை. ஆனால் சட்டம் அங்கீகரித்தது வைத்தியரின் பதிவையே. மருந்தின் பலனுக்குச் சட்டம் சான்றாகாது. மேலும், தோட்டப்புறங்களில் இக்குளிகைகளைக் கொடுப்போரில் எத்தனை பேர் பதிவு பெற்றவர்கள் என்பதையும் விசாரித்தறிவது நல்லது.

இனி, பக்கவிளைவு பற்றிய பேச்சுக்கு வருவோம். முப்பதாம் வீரியக் குளிகையில் சீனியைத் தவிர எதுவுமில்லாததால் நீரிழிவாளர் மட்டும் சற்றுக் கவனித்தாற் போதும். குறைந்த வீரியமுடையவை அப்படியல்ல. அமெரிக்காவில் பால்பல் முளைக்கும் குழந்தைகளுக்கென விற்கப்பட்ட ஹோமியோபதி வில்லைகளில் பெலடோனா நஞ்சு, குறித்த அளவைவிடச் சில வேளைகளில் மிக அதிகமாக இருந்ததை அந்நாட்டு மருந்து அதிகாரசபை 2017இல் கண்டறிந்தது. திரவ மருந்துகளில் பெரும்பாலானவை மதுசாரத்தில் கரைக்கப்பட்டவை. 2021 மே மாதம், கொவிட் முடக்கத்தின்போது, இந்தியாவின் சத்தீஸ்கர் மாநிலத்தில் துரோசெரா 30 என்ற ஹோமியோபதித் திரவத்தைக் குடித்த பலர் உயிரிழந்தனர். அதில் 91 சதவீதம் மதுசாரம் இருந்தது. அவர்கள் அதனை மருந்தாகக் குடித்தார்களா, மதுவுக்குப் பதிலாகக் குடித்தார்களா என்பது வேறு விடயம். மதுசாரத்தை விலக்கி வாழும் முஸ்லிம் வாசகர்கள் இவ்விடயத்தில் அடிக்கடி ஐயம் எழுப்புகின்றனர். மார்க்கத் தீர்ப்பு உலமாக்களுக்குரியது. எமக்குத் தெரிந்தவரையில் குளிகைகளின் மேல் துளியாக இடப்படும் மதுசாரம் காய்ந்து ஆவியாகி விடுகிறது. போத்தலில் அடைத்த திரவத்தில் அது அப்படியே இருக்கிறது. கேட்டு, லேபலை வாசித்து வாங்குவதே முறை.

ஆயினும் பெரிய ஆபத்து குளிகைக்குள் இல்லை. குளிகையை நம்பிக் காத்திருக்கும் நாட்களில் இருக்கிறது.

எண்பதுகளில் எமது லயத்தின் கடைசிக் காம்பிராவில் ஓய்வு பெற்ற கிளாக்கர் ஐயா ஒருவர் வாழ்ந்தார். அவரிடம் மரப்பெட்டியொன்று இருந்தது. அதனுள் வரிசை வரிசையாகச் சிறு போத்தல்கள். காசு வாங்கமாட்டார். என் தம்பிக்கு நான்கு வயது. அவனுக்குத் தடிமன் வரும்போதெல்லாம் அம்மா அவரிடம் ஓடுவார். நான்கைந்து நாளில் சுகமாகி விடும். ஒரு மார்கழியில் அவ்வாறு சுகமாகவில்லை. காய்ச்சல் நின்று மீண்டும் எழுந்தது. ஐயா போத்தலை மாற்றிப் பார்த்தார். அடுத்த நாள் மலைக்குப் போகாவிட்டால் அம்மாவுக்கு ஒரு பேர் போய்விடும். பஸ் காசும் கடன் வாங்க வேண்டும். நான்காம் நாள் இரவு தம்பியின் விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்ளே இழுபட்டதை நான் மண்ணெண்ணெய் விளக்கில் கண்டேன். நியூமோனியா. வைத்தியசாலையில் இரண்டு வாரம் கிடந்து பிழைத்தான். “ஏன் இத்தனை நாள் வைத்திருந்தீர்கள்?” என்று டொக்டர் கேட்டபோது அம்மா பதில் சொல்லவில்லை.

இத்தகைய தாமதம் ஹோமியோபதிக்கு மட்டும் உரியதன்று. 2020 டிசெம்பரில் கேகாலையில் கொவிட் நோய்க்கெனத் தேனும் சாதிக்காயும் கலந்து கொடுக்கப்பட்ட பாணிக்காகப் பல்லாயிரம் பேர் நெருக்கியடித்து நின்ற காட்சியை நாடே கண்டது. அதே ஆண்டு ஜனவரி இறுதியில் இந்தியாவின் ஆயுஷ் அமைச்சு கொரோனாத் தடுப்புக்காக ஆர்செனிக்கம் அல்பம் 30ஐப் பரிந்துரைத்தது. பல மாநிலங்களில் அது வீடு வீடாக வழங்கப்பட்டது. அதற்குப் பின் வந்த அலைகளில் அக்குளிகை எவரையும் காத்ததாக உறுதியான சான்று கிடைக்கவில்லை. உலக சுகாதார நிறுவனமோ, காசநோய், மலேரியா, எய்ட்ஸ், இன்புளுவன்சா, குழந்தைகளின் வயிற்றோட்டம் ஆகியவற்றுக்கு ஹோமியோபதியை நம்பியிருக்க வேண்டாம் என 2009ஆம் ஆண்டிலேயே எச்சரித்திருந்தது.

சளிக்காய்ச்சலைச் சாதாரணமாக எண்ணும் எமது வழக்கமும் திருத்தப்பட வேண்டியதே. ஆண்டுதோறும் உலகில் 2 இலட்சத்து 90 ஆயிரம் முதல் 6 இலட்சத்து 50 ஆயிரம் வரையான உயிர்களைப் பருவகால இன்புளுவன்சா பறிப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. 1918-1919 பெருந்தொற்றின்போது இலங்கையின் மக்கட்தொகை இழப்பு 3 இலட்சத்துக்கும் அதிகம் என்பது பிற்கால ஆய்வொன்றின் கணிப்பு. கொழும்புத் துறைமுகமும், தோட்டங்களுக்குத் தொழிலாளர் வந்திறங்கிய தலைமன்னாருமே அது உள்நுழைந்த வாயில்களாகக் கருதப்படுகின்றன. அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 2018 மே மாதம் தென் மாகாணத்தில் பரவிய வைரசுக் காய்ச்சல் குழந்தைகள் பலரைக் காவுகொண்டது எமக்கு மறந்திருக்காது.

தடிமன் மெல்ல மெல்ல வரும். மூக்கிலும் தொண்டையிலுமே நிற்கும். சளிக்காய்ச்சலோ காலையில் நன்றாக இருந்தவரை மாலையில் பாயில் கிடத்திவிடும். கடுங்காய்ச்சல், தலையிடி, உடலை அடித்துப் போட்டாற் போன்ற நோவு, பின்னர் வரட்டு இருமல். இரண்டுக்கும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து பயன்படாது. ஓய்வு, போதிய வெதுவெதுப்பான நீராகாரம், காய்ச்சலுக்குப் பெரசிட்டமோல் ஆகியவையே பெரும்பாலோருக்குப் போதுமானவை. வளர்ந்தவருக்கு 500 மில்லிகிராம் வில்லைகள் இரண்டு, ஆறு மணி நேர இடைவெளியில். ஒரு நாளில் எட்டுக்கு மேற்படலாகாது. பிள்ளைகளுக்கு வயதைப் பார்க்காமல் எடையைப் பார்த்தே கொடுக்க வேண்டும். ஒரு கிலோகிராமுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை, நாளொன்றுக்கு நான்கு தடவைக்கு மேல் இல்லை. ஒரு வயது கடந்த பிள்ளையின் இருமலுக்குத் தேன் இதமளிக்கும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. அதிலிருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி அவர்களை முடக்கிவிடும். கொத்தமல்லிக் குடிநீர் நோயை விரட்டாவிட்டாலும் சூடான நீரை உள்ளே செலுத்துகிறது. அது நன்மையே. ஆவி பிடிப்பதில் மட்டும் எச்சரிக்கை தேவை. கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோன பிள்ளைகள் உண்டு.

லயத்து அடுப்பங்கரையின் விறகுப் புகையையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. ஒரே ஒரு சன்னலோடு, சில இடங்களில் அதுவும் இல்லாமல், நூறாண்டுக்கு முன் கட்டிய காம்பிராவில் புகை சூழப் படுத்திருக்கும் குழந்தைக்கு எந்த முறை வைத்தியமும் பாதிதான் உதவும். மருந்தைப் பற்றி எழுதும் பத்திரிகைகள் வீட்டைப் பற்றியும் எழுதினால் நல்லது.

எப்போது காத்திராமல் புறப்பட வேண்டும்? குழந்தையின் மூச்சை எண்ணிப் பாருங்கள். அது அழாமல் அமைதியாக இருக்கும் வேளையில், கடிகாரத்தைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு அறுபது, ஒரு வயது வரை ஐம்பது, ஐந்து வயது வரை நாற்பது. இவ்வெண்ணிக்கையை எட்டினாலோ கடந்தாலோ அது வெறும் தடிமன் அல்ல. மூச்சிழுக்கும்போது நெஞ்சுக்கூட்டின் கீழ்ப்பகுதி குழிவிழுதல், பால் குடிக்க முடியாமை, வலிப்பு, எழுப்பியும் விழிக்காத மயக்கம், உதடு நீலமாதல் ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் விடியும்வரை பொறுத்திருக்கக் கூடாது. கர்ப்பிணித் தாய்மார், முதியோர், ஆஸ்துமா, இருதய நோய், நீரிழிவு உடையோர் ஆகியோர் சளிக்காய்ச்சல் தொடங்கிய முதல் இரண்டு நாளுக்குள் வைத்தியரைக் காண்பது அவசியம். வைரசை அடக்கும் ஒசெல்டமிவிர் என்ற மருந்து அதற்குள் தொடங்கினாற்தான் நன்கு பலிக்கும்.

காய்ச்சல் மூன்றாம் நாளும் தொடர்ந்தால் இரத்தப் பரிசோதனை செய்தேயாக வேண்டும். ஏனெனில் டெங்கும் எலிக்காய்ச்சலும் தொடக்கத்தில் சளிக்காய்ச்சலின் வேடத்திலேயே வருகின்றன. 2017இல் இந்நாட்டில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்குக்கு ஆளாயினர். பதுளை மாவட்டம் அதற்கு விதிவிலக்காக இருக்கவில்லை. டெங்கு ஐயம் உள்ளபோது அஸ்பிரின், இபுபுரோபன் போன்ற வலிநிவாரணிகள் இரத்தப்போக்கை உண்டாக்கக்கூடும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலுக்குச் சளிப் பரிசோதனை வேண்டும். காசநோய் தோட்டப்புறத்தை விட்டு இன்னும் முற்றாக நீங்கவில்லை. அதற்கான சிகிச்சை அரச நெஞ்சு நோய் நிலையங்களில் இலவசம். தடுப்பூசி பற்றியும் ஒரு சொல். இன்புளுவன்சா வைரசு ஆண்டுக்காண்டு உருமாறுவதால் தடுப்பூசியும் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. ஹஜ் பயணம் செல்வோருக்கு இதனைச் சவூதி அரேபிய சுகாதார அமைச்சு பரிந்துரைத்து வருவதை எமது முஸ்லிம் சகோதரர்கள் அறிவர். அந்நெரிசலுக்குப் பொருந்தும் நியாயம் வயோதிபத் தாய் தந்தையருக்கும் பொருந்தும்.

இவ்வளவுக்குப் பின்னும் தடிமன் பிடித்த பிள்ளைக்கு இரண்டு வெள்ளைக் குளிகை கொடுக்க விரும்பும் தாயை நாம் தடுக்கப் போவதில்லை. பெரசிட்டமோலும் நீராகாரமும் நிறுத்தப்படாமல், மூச்சை எண்ணும் கண் மூடாமல் இருந்தால் அக்குளிகையால் கெடுதி இராது.

தம்பி வீடு திரும்பிய பிறகும் கிளாக்கர் ஐயாவின் பெட்டி மூடப்படவில்லை. ஆனால் அவரது வழக்கம் மாறியது. பிள்ளையோடு யார் வந்தாலும் முதலில் சட்டையைத் தூக்கச் சொல்வார். இடது கையிலிருந்த பழைய கடிகாரத்தைக் கழற்றி முன்னே வைத்துக்கொண்டு, வாய்க்குள் எண்ணியபடி ஒரு நிமிடம் அந்த நெஞ்சையே பார்த்துக்கொண்டிருப்பார். சிலருக்குப் பெட்டி திறக்கும். சிலருக்கு அவர் மடியிலிருந்து பஸ் காசை எடுத்து நீட்டுவார்.